ஆலய வரலாறும் விடுபட்ட சுவரும்

நம் பங்குத்தளங்களில் ஓர் ஆலயம் நூறாண்டையோ நூற்றைம்பது ஆண்டையோ எட்டினால், விழாவோடு மலர் ஒன்றும் வெளிவருவது வழக்கமாகிவிட்டது. நம் மேசையில் அத்தகைய மலர்கள் ஐம்பதுக்கு மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஓய்ந்த நேரங்களில் அவற்றைப் புரட்டிப் பார்ப்பதில் நமக்கு ஓர் இன்பம் உண்டு. அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. உழைப்பும் பக்தியும் கலந்து உருவானவை அவை. ஊரிலிருந்து பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றோர் அனுப்பிய பணத்தில் அச்சேறியவை. ஆயினும், கதை, கவிதை, கட்டுரை போல இதுவும் ஓர் எழுத்து வகையே. எழுத்து வகை என்று ஆனபின் அதைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதில் பிழையில்லை என்று கருதுகிறோம்.

இம்மலர்களில் வரும் தலவரலாற்றுக் கட்டுரைக்கு ஏறக்குறைய ஒரே அச்சு. முதலில் ஓர் ஓலைக் கொட்டகை இருக்கும். பின்பு கடல் கடந்து வந்த குரு ஒருவர் வருவார். கொட்டகை கற்கோயிலாகும். கோபுரத்தின் உயரம் அடிக்கணக்கில் சொல்லப்படும். மணி எந்த நாட்டில் வார்க்கப்பட்டது, சுரூபம் எந்தத் துறைமுகத்தில் வந்திறங்கியது, கொடிமரம் எந்த மலையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பவை சிறிதும் விடுபடாமல் இடம்பெறும். கொள்ளைநோய் நீங்கிய புதுமை ஒன்று வரும். அதன்பின் பங்குத்தந்தையர் பட்டியல், நிழற்படங்களோடு. கல் எந்தக் குன்றில் உடைக்கப்பட்டது என்பது வரை எழுதுவார்கள். ஆனால் அந்தக் கல்லைத் தலையில் சுமந்தவர்கள், கோயில் கட்டி முடிந்தபின் எந்த இடத்தில் நின்று பூசை கண்டார்கள் என்பதை மட்டும் எழுதமாட்டார்கள்.

இக்குறையை விளக்குவதற்கு ஓர் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், குமரி மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கும் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயமே அது. தூத்துக்குடி மறைமாவட்டத்தின் பழைய பங்குகளுள் ஒன்றான வடக்கன்குளத்தை அறியாத கத்தோலிக்கர் தென்தமிழகத்தில் இலர். நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன் என்னும் அரசு அலுவலர், டச்சுத் தளபதி டி லனாய் வாயிலாகக் கிறிஸ்துவை அறிந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வந்து, 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றது இவ்வூரில்தான். தேவசகாயம் என்று பெயர்பெற்ற அவர் 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதர் என அறிவித்தார். ஓர் ஊருக்கு இதைவிடப் பெரிய பெருமை வேறென்ன வேண்டும்? வடக்கன்குளத்தைப் பற்றி எழுதுவோர் 1745ஐப் பெரிய எழுத்தில் எழுதுவது முற்றிலும் நியாயமே.

ஆனால் அதே ஊரின் வரலாற்றில் 1872 என்று ஓர் ஆண்டு உண்டு. 1910 என்றும் ஓர் ஆண்டு உண்டு. இவ்விரண்டையும் எந்த அளவு எழுத்தில் எழுதுவது என்பதே கேள்வி.

1872இல் கட்டப்பட்ட ஆலயம் மற்ற ஆலயங்களைப் போன்றதன்று. நாம் அறிந்த பழைய ஆலயங்கள் பெரும்பாலும் சிலுவை வடிவில் அமைந்தவை. அல்லது ஒரே நீண்ட மண்டபமாக அமைந்தவை. வடக்கன்குளத்து ஆலயத்திலோ இரண்டு நீண்ட மண்டபங்கள், இரு கிளைகளைப் போல, ஒரு பீடத்தை நோக்கி வந்து கூடுகின்றன. இசைக்கலைஞர் சுருதி பார்க்கப் பயன்படுத்தும் கவைபோன்ற கருவியை நினைவூட்டும் வடிவம் அது. அதை இரட்டைக் குழல் துப்பாக்கிக்கும் ஒப்பிடலாம். இவ்வடிவம் கட்டடக் கலைஞரின் கற்பனையில் உதித்த புதுமையன்று. ஒரு கிளை பிள்ளைமார், முதலியார் முதலிய குடும்பங்களுக்கு, மறுகிளை நாடார்களுக்கு. இடையே சுவர். இருவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே பீடத்தில், ஒரே குருவின் கையால் நிறைவேறும் ஒரே பலியில் பங்கு கொள்ள வேண்டும். ஆனால் ஒருவரை ஒருவர் தீண்டவும் கூடாது. இந்தக் கணக்கைப் போட்டு விடை கண்டவர்கள் அக்காலக் குருக்கள். அந்த விடையே இந்தக் கட்டடம்.

கட்டடத்தையும் ஒரு நூலைப் போல வாசிக்கலாம் என்பர். அவ்வாறு வாசித்தால் இந்த ஆலயத்தில் நம்மை நெடுநேரம் நிற்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. இரு கிளைகளும் கூடும் இடத்தில் பீடம். அங்கிருந்து திரும்பும் குருவின் கண்ணுக்கு இரு பக்கத்து மக்களும் தெரிவார்கள். மக்களுக்கோ குரு மட்டுமே தெரிவார். சுவருக்கு அப்பால் முழந்தாளிட்டிருக்கும் சகோதரர் தெரியமாட்டார். அதாவது, பங்கு ஒன்றே என்பது ஒரே ஒரு மனிதரின் பார்வையில்தான் உண்மையாக இருந்தது. குருவுக்குத் தம் மக்கள் ஒரே மந்தையாகத் தோன்றியிருக்கலாம். மந்தைக்கு அவ்வாறு தோன்ற வழியே இல்லை. திருச்சபை என்ற சொல்லின் முதற்பொருள் கூடிவந்த மக்கள் என்பதே. கட்டடம் என்பது பிற்பட்ட பொருள் என்று குருமடத்தில் முதலாண்டிலேயே கற்றோம். வடக்கன்குளத்தில் கட்டடம் இருந்தது, கூடிவருதல்தான் இல்லை. நாமும் குருவாக இருப்பதால் இதைச் சொல்லும்போது உள்ளம் சற்று கூசுகிறது. பீடத்திலிருந்து பார்த்து, எல்லாரும் ஒன்றாகவே இருக்கிறார்கள் என்று நாம் எத்தனை முறை நிறைவடைந்திருக்கிறோம்!

அக்காலக் குருக்களை இன்றைய அளவுகோலால் மட்டும் அளப்பது முறையாகாது என்று அன்பர் சிலர் சொல்வர். அது உண்மையே. மதுரை மிஷனில் தே நொபிலி அடிகளார் காலந்தொட்டே, சாதி என்பது சமயம் சார்ந்ததன்று, நாட்டு வழக்கம் சார்ந்தது, ஆகவே அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் கருத்து வேரூன்றியிருந்தது. ஒரு சாராருக்குப் பிராமண சந்நியாசி வேடத்திலும் மற்றச் சாராருக்குப் பண்டாரசுவாமி வேடத்திலும் குருக்கள் தனித்தனியே பணிபுரிந்த மரபு அது. 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டு, 1830களின் இறுதியில் அச்சபையார் திரும்பி வந்தபோது, அவர்களுக்கு முன்னே பல சிக்கல்கள் இருந்தன. போர்த்துக்கீசியப் பதுரவாதோ குருக்களோடு உரிமைப் பூசல். அருகிலேயே வளர்ந்துவந்த பிரிந்த சபைகள். கடிந்து பேசினால் மக்கள் வேறு குருவை நாடிச் சென்றுவிடுவர் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. பிரிந்த சபைகளின் நிலையும் மேலானதாக இல்லை. ஆலயத்தில் சாதி வேற்றுமை கூடாது என்று ஆங்கிலிக்கன் பேராயர் டானியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பை அச்சபை வரலாறு அறிந்தோர் அறிவர்.

இவையெல்லாம் காரணங்கள். காரணம் வேறு, நியாயம் வேறு. அஞ்சினார்கள் என்று எழுதினால் அது வரலாறு. அஞ்சியதை நுட்பம் என்று எழுதினால் அது வரலாறன்று. இருவேறு மக்களையும் ஒரே ஆலயத்தில் சேர்த்த சாமர்த்தியம் என்று இந்த வடிவத்தைப் புகழ்ந்து பேசியவர்களை நாம் கேட்டிருக்கிறோம். சேர்த்தது எது, பிரித்தது எது என்று அவர்கள் ஒருமுறை அந்த இரு மண்டபங்களிலும் நடந்து பார்க்கட்டும்.

இங்கே விவிலிய ஆய்வின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். எருசலேம் கோவிலின் உள்முற்றத்தைச் சுற்றி, பிற இனத்தார் கடக்கக்கூடாத தடுப்பு ஒன்று இருந்தது. மூன்று முழ உயரமுள்ள கல் தடுப்பு என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அதில் ஆங்காங்கே எச்சரிக்கைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன: கடந்து வரும் அயலான் சாவுக்குத் தானே பொறுப்பு என்பது அவற்றின் கருத்து. திருத்தூதர் பவுல் எருசலேமில் பிடிபட்டதற்குக் காரணமும் இத்தடுப்பே. எபேசு நகரத்தவரான துரோபிமு என்னும் கிரேக்கரை அவர் கோவிலுக்குள் அழைத்துச் சென்றுவிட்டார் என்ற வதந்தியில்தான் கலகம் மூண்டது என்று திருத்தூதர் பணிகள் நூல் 21ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த எபேசு நகரத்துச் சபையின் பெயரால் அமைந்த திருமடலில்தான், இரண்டாம் அதிகாரத்தில், இரு இனத்தாரையும் பிரித்து நின்ற பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தெறிந்தார் என்ற போதனை வருகிறது. விவிலிய அறிஞர் பலர் அச்சொற்களின் பின்னே எருசலேம் கோவிலின் இந்தத் தடுப்பு நிற்பதாகக் கருதுவர்.

அந்தத் தடுப்பிலிருந்த எச்சரிக்கைக் கல் ஒன்று, கிரேக்க எழுத்துகளோடு முழுமையாக, பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன் கன்னோவினால் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது அது இசுதான்புல் தொல்பொருள் காட்சியகத்தில் இருக்கிறது. கண்டெடுத்த ஆண்டு 1871.

கிறிஸ்து தகர்த்த சுவரின் கல்லை ஒரு பிரெஞ்சுக்காரர் எருசலேம் மண்ணிலிருந்து எடுத்த மறு ஆண்டில், கிறிஸ்துவின் பெயரால் நம் நாட்டில் ஒரு சுவர் எழுந்து நின்றது. தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும் தலவரலாறு எழுதும் எவரும் இதைக் கடந்து போகலாகாது என்று எண்ணுகிறோம். எபேசியர் திருமடலை அன்றைய குருக்கள் அறியாதவர்கள் அல்லர். இலத்தீனில் மனப்பாடமாக அறிந்தவர்கள். அறிந்திருந்தும் அந்த வசனம் கட்டட வரைபடத்தின்மேல் விழவில்லை.

முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற அச்சுவர், பங்குத்தந்தை கௌசானல் அடிகளாரின் காலத்தில், 1910இல் இடிக்கப்பட்டது. பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவர் என்ற முறையில் பலரும் அறிந்த பெயர் இது. அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் தென்னாட்டில் நடந்தவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடார் சமுதாயம் கல்வியாலும் வணிகத்தாலும் உயர்ந்துகொண்டிருந்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்று வழக்குத் தொடரப்பட்டு, அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1899இல் சிவகாசிக் கலவரம். 1908இல் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சாத்திரப்படியும் வழக்கப்படியும் அவர்களுக்கு அக்கோயிலில் நுழையும் உரிமை இல்லை என்றாயிற்று. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, ஒரு கத்தோலிக்க ஆலயத்தில் ஒரு சுவர் விழுந்தது.

விழுந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பிள்ளைமார், முதலியார் குடும்பத்தினர் சிலர் நீதிமன்றம் சென்றனர். சுவரை மீண்டும் கட்டித்தர வேண்டும், தங்கள் மண்டபத்தில் தங்களுக்குத் தனியுரிமை உண்டென்று அறிவிக்க வேண்டும் என்று திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் ஆண்டகை மீது வழக்கு. அன்று வடக்கன்குளம் திருச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்தது 1923இல்தான். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பெயரில், 1917ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அதை இன்றும் காணலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் அவ்வழக்கைப் படிக்கிறார்கள். மறைக்கல்வி மாணவர்கள் படிப்பதில்லை.

அத்தீர்ப்பின் சாரத்தை நம் சொற்களில் தருகிறோம். வழக்காடுவோர் கேட்பது பிறரோடு தொடர்பின்றி விலகி நிற்கும் உரிமை. அத்தகைய உரிமைக்குத் தீட்டு என்னும் ஒரே வேர்தான் இருக்க முடியும். இந்துக்கள் என்றால் சாத்திரத்தைச் சான்றாகக் காட்டலாம். இவர்கள் கிறித்தவர்கள், இவர்களுடைய மறைநூலில் தீட்டுக்கு இடமில்லை, ஆகவே கோரிக்கை நிற்காது. கிறித்தவத்தில் தீட்டு இல்லை என்பதை, மதுரை மிஷன் தொடங்கி முந்நூறு ஆண்டுகள் கழித்து, ஓர் உலகியல் நீதிமன்றம் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கமுதி வழக்கில் ஒரு சமயத்தின் வழக்கத்தைக் காரணம் காட்டிக் கதவை அடைத்த அதே சட்டமுறை, இங்கே மற்றொரு சமயத்தின் மறைநூலைக் காரணம் காட்டிச் சுவரை எழுப்ப மறுத்தது. நம் மறைநூல் நமக்கே எதிர்ச்சாட்சியாகி நம்மைக் காப்பாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது.

வழக்குத் தொடர்ந்த குடும்பங்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்களை அரக்கர்களாகத் தீட்டுவது எளிது. அவர்களுடைய முன்னோரும் விசுவாசத்துக்காகத் துன்புற்றவர்களே. ஆலயத்துக்கு வாரிக் கொடுத்தவர்களே. குருக்களே வரைபடம் தீட்டி, தனி மண்டபம் கட்டித் தந்து, இது உங்களுக்கு உரியது என்று இருத்திவைத்த இடத்தில் அவர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் இருந்தார்கள். திடீரென்று ஒருநாள் அது பாவம் என்றால் திகைக்க மாட்டார்களா? கட்டடம் போதித்த பாடத்தைப் பிரசங்கம் அழிக்க முடியாது. சுவரைக் கட்டியவர்களின் பொறுப்பு, சுவரைக் கேட்டவர்களின் பொறுப்பைவிடக் குறைந்ததன்று என்பதே நம் துணிபு.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தகைய சுவர்களைப் பற்றிய செய்தி நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? வடக்கன்குளத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. புதுச்சேரி ஆலயத்தில் மக்களைப் பிரித்து நின்ற சுவரும், அது இடிக்கப்பட்டதும், அதனால் மூண்ட பூசலும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டில் பதிவாகியிருக்கின்றன. ஆம், தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே 1745. ஆனந்தரங்கப் பிள்ளை கிறித்தவர் அல்லர், வணிகர், துபாஷி. அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தவர். நம் ஆலயத்துக்குள் நடந்ததை அயலார் ஒருவர் எழுதினார். அரசு நீதிபதிகள் எழுதினர். நாமோ மணி எத்தனை இராத்தல் எடை என்று எழுதினோம்.

எழுத நேரும்போதும் நம்மவர் கையாளும் நடை ஒன்று உண்டு. 'இரு சாராரிடையே ஏற்பட்ட கருத்து வேற்றுமை காரணமாக' என்று தொடங்கி, 'இறையருளால் சுமுகமாகத் தீர்ந்தது' என்று முடியும் வாக்கியம் அது. எந்தச் சாரார், என்ன வேற்றுமை, யார் விட்டுக் கொடுத்தார், யார் இழந்தார் என்பது ஒன்றும் அதில் இராது. அவ்வாக்கியமும் ஒரு சுவரே. இக்கட்டுரையில் சாதிப் பெயர்களை நாம் வெளிப்படையாக எழுதியிருப்பதைக் கண்டு வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். உயர்நீதிமன்ற ஏடு அப்பெயர்களைச் சொல்கிறது. கட்டடமே அப்பெயர்களுக்காகக் கட்டப்பட்டது. பெயரை மறைத்தால் கட்டடம் ஏன் அவ்வடிவில் இருக்கிறது என்பது யாருக்கும் விளங்காது. விளங்காத ஒன்றைப் பிள்ளைகள் அழகு என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

புனித தேவசகாயத்தின் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த சாதிப்பட்டம், அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்படும் முன்னரே உரோமையின் ஆவணங்களிலிருந்து நீக்கப்பட்டது. அது மிகச் சரியான செயல். பீடத்தில் வைத்து வணங்கும் பெயரில் சாதிக்கு இடமில்லை. ஆனால் பீடத்திலிருந்து நீக்கியதை வரலாற்றிலிருந்தும் நீக்கிவிட்டால் என்ன நேரும்? அவர் தம் குலத்தின் உயர்வைத் துறந்து எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பது அவர்மீது சினம் மூள ஒரு காரணமாக இருந்தது. எதை விட்டு வந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டு வந்ததன் அருமையை எவ்வாறு சொல்வது? அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே, நூற்றிருபத்தேழு ஆண்டுகள் கழித்து அத்தகைய ஆலயம் எழுந்தது என்ற செய்தியை, அவருடைய வரலாற்றுக்கு அடுத்த பக்கத்தில் வைத்தால்தான் இரண்டும் பொருள்படும்.

இதுவரை பிறரைப் பற்றி எழுதினோம். இனி நம்மைப் பற்றி.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், ஊர் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பங்கில் நாம் பணியாற்றியபோது, அங்கிருந்த பழைய கற்கோயிலுக்கு நூற்றாண்டு விழா வந்தது. மலருக்கு நாமே பொறுப்பு. முதிய உபதேசியார் ஒருவர், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தமக்குத் தெரிந்த வரலாற்றை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். குருக்கள் பெயர்கள், மணி வந்த கதை, புயலில் ஓடு பறந்த கதை எல்லாம் அதில் இருந்தன. நடுவே ஒரு பக்கத்தில், தம் பாட்டி எந்த வாசல் வழியாக வந்து எந்தத் தூணுக்கு அப்பால் போகாமல் பூசை கண்டாள் என்பதையும், நற்கருணை வாங்கக் கடைசியில் எழுந்தவர்கள் யார் யார் என்பதையும் ஐந்தாறு வரிகளில் எழுதியிருந்தார். குறையாக எழுதவில்லை. ஓடு பறந்ததை எழுதிய அதே கையெழுத்து, அதே நடை.

விழாக்குழுவினர் அவ்வரிகளைக் கண்டு தயங்கினர். நிதி தருவோர் மனம் புண்படும் என்றனர். நாமும் விழா அமைதியாக முடியட்டும் என்று எண்ணி, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றவற்றை அச்சுக்குக் கொடுத்தோம். யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயரிடமிருந்து ஆணை ஏதும் வரவில்லை. நாமே செய்தோம்.

மலர் வெளியிட்ட மறுவாரம், பூசை முடிந்து மேல்வேட்டியைச் சரிசெய்தபடி பெரியவர் வந்தார்.

"சாமி, புஸ்தகம் நல்லா வந்திருக்கு. நான் எழுதிக் குடுத்ததுல ஒரு பக்கம் மட்டும் காணலையே."

"இடம் பத்தலைங்க ஐயா" என்றோம்.

"அப்படிங்களா சாமி. மணியோட படம் ரெண்டு பக்கம் வந்திருக்கு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார். நாம் அப்பங்கை விட்டு மாற்றலாகிச் சென்ற சில ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். நோட்டு அவரிடமே திரும்பிப் போயிற்று. பின் அது என்னவாயிற்று என்று அவர் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

கல்லாலான சுவரை ஒரு நாளில் இடிக்கலாம். அந்தப் பெரியவர் எழுதிய பக்கத்தை நாம் எங்கே போய்த் தேடுவது?

பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று கேட்போர்க்கு, புண் பழையதாயிற்றா என்பதே நம் மறுகேள்வி. 2003ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி வேற்றுமை திருச்சபையின் பணிக்கு இடையூறாக நிற்பதை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே ஆலயத்தைச் சேர்ந்த வன்னியக் கிறித்தவர்க்கும் தலித் கிறித்தவர்க்கும் இடையே மூண்ட மோதலில், காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் மக்கள் கேட்டது அம்மோதலின் பின்னணி. 2016 திசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை வழக்கம் இருப்பதைத் திறந்த மனத்தோடு ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை ஆண்டுவிழா மலர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவது ஏன்?

ஒப்புரவு அருட்சாதனத்தில், பொதுவாகப் பாவம் செய்தேன் என்று சொன்னால் போதாது. இன்ன பாவம் என்று பெயர் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். முதல் நற்கருணைக்கு ஆயத்தம் செய்யும் எட்டு வயதுக் குழந்தைக்கு விதிக்கும் இந்த ஒழுங்கை, நூற்றைம்பது வயது ஆலயத்துக்கும் விதிப்பதில் கடுமை ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

1910இல் சுவரை இடித்தவர்கள், இரு கிளையாக நிற்கும் ஆலயத்தின் வடிவத்தை இடிக்கவில்லை. அவ்வாறு விட்டதும் நன்மைக்கே என்று இப்போது எண்ணுகிறோம். தலவரலாறு சொல்லாமல் விட்டாலும், ஏன் இப்படி என்று கேட்க ஒரு பிள்ளைக்கு அந்த வடிவம் இடம் வைத்திருக்கிறது. மற்ற ஆலயங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அங்கெல்லாம் பிரிவு கல்லில் இல்லை. தூணுக்கு இப்பால், அப்பால் என்று மக்களின் கால்களில் இருந்தது. பாட்டிமார் போனபின் அதைச் சொல்ல ஆளில்லை.

நாம் முன்பு பணியாற்றிய அந்தப் பங்கில் இப்போது ஆலயத்தைப் புதுப்பிக்கிறார்கள். அர்ச்சிப்புக்கு மலர் உண்டு. இளைய குருவானவர், முன்னாள் பங்குத்தந்தை என்ற முறையில் நம்மிடம் வாழ்த்துரை கேட்டு எழுதியிருந்தார். வாழ்த்துரைக்குப் பதிலாக, பெரியவரின் நோட்டிலிருந்து நினைவில் நின்றவற்றை, வாசல் எது, தூண் எது என்ற விவரத்தோடு, ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி, அது யாருடைய பாட்டியின் கதை என்பதையும் குறித்து, சென்ற வாரம் அஞ்சலில் சேர்த்தோம். இடம் போதவில்லை என்றால் மணியின் படத்தை ஒரு பக்கமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று அடியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறோம்.